அவுட் ஆனவரே அம்பயரா?

குட்டீஸ்... தெருவில் கிரிக்கெட் ஆடுகிறீர்கள். பேட், பந்து, ஸ்டம்பு மூன்றுமே ஒரே பையனுடையது. அதனால், எப்போதும் அவன் தான் முதல் பேட்டிங்! அவன் ஓங்கி அடித்த பந்து, எதிர் வீட்டு வாசலில் நிற்கிறவன் கையில் போய் உட்கார்ந்து விட்டது. எல்லாரும், 'அவுட்... அவுட்...' என்று கத்துகின்றனர்.

'அவுட் இல்ல... ஒரு கையால பிடிச்சா தான் கேட்ச்!' என்கிறான் அவன்.

'எப்படா வந்தது இந்த ரூலு?'

'இப்ப தான் போட்டேன். ஆனா, காலையிலேர்ந்தே அது தான் ரூலு!'

ஒத்துக் கொள்ளாவிட்டால், பேட்டைத் தூக்கி கக்கத்தில் வைத்து, வீட்டுக்குப் போய் விடுவான். ஆட்டம் அம்பேல். அதற்குப் பயந்து, பாதிப் பேர், 'சரி, ஆடித் தொலை...' என்று விட்டு விடுவர்.

இந்தப் பையன் எல்லா தெருவிலும் உண்டு. நம் நாட்டின் அரசியலிலும் ஒருமுறை இப்படி நடந்தது. அதைச் சொல்வதற்கு முன், உங்கள் சமூக அறிவியல் புத்தகத்தோடு எனக்கு ஒரு சின்ன சண்டை இருக்கிறது.

சட்டத்துறை, நிர்வாகத்துறை, நீதித்துறை என்று மூன்று கட்டம் போட்டிருப்பர். ஒன்று சட்டம் இயற்றும். ஒன்று அதை நடைமுறைப்படுத்தும். ஒன்று விளக்கம் சொல்லும். மூன்று வரி எழுதினால் மார்க். படத்தைப் பார்த்தால், மூன்றும் தனித்தனி பங்களா மாதிரியும், நடுவில் பெரிய காம்பவுண்டு சுவர் இருப்பது மாதிரியும் தோன்றும்.

தப்பு குட்டீஸ்... நம் நாட்டில் அது மூன்று பங்களா அல்ல; ஒண்டுக்குடித்தனம்! உங்கள் பாட்டியைக் கேட்டால் சொல்வார்... ஒரே வீட்டில் மூன்று குடும்பம். ஆளுக்கு ஒரு அறை. ஆனால், குழாய் ஒன்று, கிணறு ஒன்று, வாசல் ஒன்று. ஒருவர் தண்ணீர் பிடித்து முடிக்கும் வரை, இன்னொருவர் குடத்தோடு காத்திருக்க வேண்டும். ஒருவர் அதிகமாகப் பிடித்தால், மற்ற இருவரும் சண்டைக்கு வருவர். அந்தச் சண்டை தான் முக்கியம்!

அமெரிக்காவில், அதிபர் பார்லிமென்ட் உறுப்பினராக இருக்க முடியாது. இங்கோ, பிரதமரும், மந்திரிகளும் எம்.பி.,க்களாக இருந்தே தீர வேண்டும். எம்.பி.,யாக இல்லாத ஒருவர் மந்திரியானால், ஆறு மாதத்துக்குள் எம்.பி., ஆக வேண்டும். இல்லாவிட்டால் பதவி போய் விடும். அதாவது, நிர்வாகம் என்கிற குடித்தனக்காரர், சட்டத்துறையின் திண்ணையிலேயே தான் உட்கார்ந்திருக்கிறார். 'எழுந்திரு' என்று சொன்னால், எழுந்து தான் ஆக வேண்டும்.

நிஜமாகவே எழுந்தும் போயிருக்கின்றனர். ஏப்ரல் 17, 1999 அன்று, லோக்சபாவில் பிரதமர் வாஜ்பாய் அரசு மீது ஓட்டெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு ஓட்டு! ராணுவம், போலீஸ், அணுகுண்டு எல்லாம் வைத்திருந்த அரசு, அன்றைக்கே ராஜினாமா செய்தது. ஒரு ஓட்டு தானே என்று யாரும் ரூலை மாற்றவில்லை. பேட்டையும் தூக்கிக் கொண்டு போகவில்லை.

பணம் விஷயமும் அப்படித் தான். பார்லிமென்ட் அனுமதிக்காமல், அரசு தன் கஜானாவிலிருந்து ஒரு ரூபாய் கூட எடுத்துச் செலவழிக்க முடியாது. பட்ஜெட் சமயத்தில், எம்.பி.,க்கள் வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று கொண்டு வரலாம். பல ஆயிரம் கோடி ரூபாயில் வெறும் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லி கூட அதைக் கொண்டு வர முடியும். 100 ரூபாய்க்கா இவ்வளவு கூத்து என்று நினைக்காதீர்கள். அந்தத் தீர்மானம் ஜெயித்தால், 'உன்னை நம்பவில்லை' என்று சபை சொல்லி விட்டதாக அர்த்தம். அரசு ஆட்டம் கண்டு விடும்.

கோர்ட்டின் நிலைமை இன்னும் வேடிக்கை. அதற்குச் சொந்தமாக போலீஸ் இல்லை, கஜானா இல்லை. அது எழுதுகிற தீர்ப்பை, அரசு தான் நிறைவேற்ற வேண்டும். ஆனாலும், அரசு போட்ட உத்தரவையும், பார்லிமென்ட் போட்ட சட்டத்தையும், 'செல்லாது' என்று சொல்கிற அதிகாரம் அதற்கு இருக்கிறது. நீதிபதியை, பிரதமருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக வீட்டுக்கு அனுப்ப முடியாது. தப்பு நிரூபணமாகி, இரண்டு சபைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை கிடைத்தால் தான் முடியும்.

சரி, கதைக்கு வருவோம்.

கடந்த 1971 தேர்தலில், உத்தரபிரதேசத்தின் ரேபரேலி தொகுதியில், பிரதமர் இந்திரா ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்றவர் ராஜ் நாராயண். 'அரசு அதிகாரிகளை தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தினார்' என்று, அலகாபாத் ஐகோர்ட்டில் அவர் வழக்கு போட்டார். பலரும் சிரித்தனர்.

நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா சிரிக்கவில்லை. 1975 மார்ச்சில், பிரதமரே சாட்சிக் கூண்டுக்கு வர வேண்டியதாயிற்று. அவர் வருவதற்கு முன், கோர்ட்டில் இருந்தவர்களுக்கு நீதிபதி ஒரு விஷயத்தை நினைவூட்டினார்... கோர்ட்டில், நீதிபதி வரும்போது மட்டும் தான் எழுந்து நிற்பது வழக்கம். சாட்சி வரும்போது அல்ல. நாட்டின் மிகப் பெரிய அதிகாரம் படைத்தவர் உள்ளே வருகிறார். யாரும் எழக் கூடாது என்கிறார் நீதிபதி! அதிகாரப் பங்கீடு என்ற ஐந்து மார்க் கேள்விக்கு, இந்த ஒரு காட்சியை எழுதினாலே முழு மார்க் போடலாம் என்பது என் கட்சி.

ஜூன் 12, 1975ல் தீர்ப்பு வந்தது. தேர்தல் செல்லாது, ஆறு ஆண்டுகளுக்கு பதவிக்குப் போட்டியிட முடியாது. 'மேடை போட அதிகாரிகள் உதவியதற்கெல்லாம் இவ்வளவு பெரிய தண்டனையா?' என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. கேட்டதில் நியாயமும் உண்டு. அதற்குத் தான் அப்பீல் இருக்கிறதே! சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார் இந்திரா. ஜூன் 24ல், நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார்... பிரதமராகத் தொடரலாம், லோக்சபாவில் பேசலாம், ஆனால், ஓட்டு போடக் கூடாது, எம்.பி., சம்பளம் வாங்கக் கூடாது.

மறுநாள் இரவே, ஜூன் 25ல், எமர்ஜென்சி வந்து விட்டது!

ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்து போட்டு விட்டார். டில்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த தெருவில், அன்றிரவு கரன்ட் துண்டிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள், விடிவதற்குள் கைது செய்யப்பட்டனர். இதில் எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது என்ன தெரியுமா? மந்திரிசபைக்கே விஷயம் மறுநாள் காலை 6:00 மணிக்குத் தான் சொல்லப்பட்டது. எல்லாம் முடிந்த பிறகு, 'இப்படிச் செய்து விட்டோம்' என்று தகவல். அங்கே உட்கார்ந்திருந்த மந்திரிகளில் யாரும், 'எங்களை ஏன் கேட்கவில்லை?' என்று சண்டை பிடிக்கவில்லை.

அடுத்தது தான் தெரு கிரிக்கெட். தேர்தல் சட்டத்தையே மாற்றினர். எந்தெந்தக் காரணத்துக்காக இந்திராவின் வெற்றி செல்லாது என்று கோர்ட் சொன்னதோ, அதெல்லாம் குற்றமே இல்லை என்று ஆனது. அதுவும் முன் தேதியிட்டு! 'காலையிலேர்ந்தே அது தான் ரூலு!'

அதோடும் நிற்கவில்லை. 39வது அரசியல் சட்டத் திருத்தம் என்று ஒன்று. பிரதமரின் தேர்தலை எந்த கோர்ட்டும் விசாரிக்க முடியாது என்றது அது. ஆகஸ்ட் 7ல் லோக்சபா, 8ல் ராஜ்யசபா, 9ல் மாநில சட்டசபைகள், 10ல் ஜனாதிபதி கையெழுத்து. நான்கே நாளில் முடிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு! ஏன் இவ்வளவு அவசரம்? மறுநாள், ஆகஸ்ட் 11ல், சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் விசாரணை.

பார்லிமென்ட்டில் ஓட்டெடுப்பு நடத்தி, முறைப்படி தானே சட்டம் போட்டனர் என்று கேட்கலாம். எதிர்த்துப் பேச வேண்டியவர்கள் பலர் ஜெயிலில். பேசினாலும், தணிக்கை செய்யப்பட்ட பத்திரிகையில் அது வராது. கை தூக்கினவர்களை எண்ணி விட்டு, தூக்க முடியாதவர்களை எண்ணாமல் விட்டால், அது எப்படி ஓட்டெடுப்பாகும்?

நவம்பர் 7, 1975ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. மாற்றிய தேர்தல் சட்டத்தை ஏற்றுக் கொண்டதால், இந்திரா ஜெயித்தார். ஆனால், 'கோர்ட் விசாரிக்கவே கூடாது' என்ற பகுதி மட்டும் செல்லாது என்று தள்ளி விட்டது. இதற்குக் கை கொடுத்தது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு. காசர்கோடு பக்கத்து மடாதிபதி அவர். 1973 ஏப்ரல் 24ல், 13 நீதிபதிகளில் ஏழு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் மறு பக்கம் என்று பிரிந்து சொன்ன தீர்ப்பு அது. பார்லிமென்ட் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம். அதன் அடிப்படை அமைப்பை அழிக்கக் கூடாது என்றது. வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம், ஜன்னலை மாற்றலாம், மாடி கட்டலாம். அஸ்திவாரத்தைத் தோண்டி எடுக்க முடியாது.

அப்படியென்றால், கோர்ட் தான் ஹீரோ என்று நினைப்பீர்கள். அவசரப்படாதீர்கள்... நான் சொல்ல வந்த விஷயமே இனிமேல் தான் வருகிறது.

எமர்ஜென்சியில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கப்பட்டதாக, பின்னால் வந்த ஷா கமிஷன் கணக்கு சொன்னது. 'மிசா' என்ற சட்டத்தின் பெயரை தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பிடித்துப் போனவர்களின் குடும்பத்தினர் ஐகோர்ட்டுகளுக்கு ஓடினர். 'எங்கள் வீட்டு ஆளை எதற்காகப் பிடித்தீர்கள்? கோர்ட்டில் கொண்டு வந்து நிறுத்துங்கள்...' என்று கேட்பதற்குப் பெயர், ஆட்கொணர்வு மனு. ஒன்பது ஐகோர்ட்டுகள், 'கேட்கலாம்' என்றன. அரசு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

ஐந்து நீதிபதிகள். ஏ.என்.ரே, எச்.ஆர்.கன்னா, எம்.எச்.பெக், ஒய்.வி.சந்திரசூட், பி.என்.பகவதி. விசாரணையின் போது, அரசின் தலைமை வழக்கறிஞரிடம் கன்னா ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ்காரர், சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்று விட்டால் கூட, கோர்ட்டில் பரிகாரம் கிடையாதா? எமர்ஜென்சி இருக்கும் வரை கிடையாது என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகும், ஏப்ரல் 28, 1976ல், நான்கு நீதிபதிகள் அரசு பக்கம் தீர்ப்பு எழுதினர். 'முடியாது' என்று எழுதியவர், கன்னா ஒருவர் தான். உயிரையும், சுதந்திரத்தையும் சட்டமில்லாமல் பறிக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் இல்லை என்றார்.

இந்தத் தீர்ப்பு தன் தலைமை நீதிபதி பதவியைப் பறித்து விடும் என்று, முன்கூட்டியே தன் சகோதரியிடம் சொன்னதாக, சுயசரிதையில் எழுதியிருக்கிறார் அவர். அப்படியே நடந்தது. 1977 ஜனவரியில், சீனியரான அவரைத் தாண்டி, பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்து விட்டுப் போனார். ரே, அப்போதே தலைமை நீதிபதி. பெக் 1977ல், சந்திரசூட் 1978ல், பகவதி 1985ல் தலைமை நீதிபதி ஆயினர். அரசு பக்கம் எழுதிய நான்கு பேருக்கும் அந்த நாற்காலி கிடைத்தது. எதிர்த்து எழுதிய ஒருவருக்கு மட்டும் கிடைக்கவே இல்லை.

இதனால் தான், புத்தகத்தில் இருக்கும் மூன்று கட்டத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. 1976ல் கட்டம் மூன்றும் இருந்தன. பார்லிமென்ட் இருந்தது, மந்திரிசபை இருந்தது, சுப்ரீம் கோர்ட் இருந்தது. கட்டடத்தில் ஒரு செங்கல் கூட குறையவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில், 'கூடாது' என்று சொல்கிறவர்கள் தான் குறைந்து போயினர். ஒண்டுக்குடித்தனத்தில் சத்தமே கேட்கவில்லை என்றால், எல்லாரும் சமாதானமாக இருக்கின்றனர் என்று அர்த்தமில்லை. ஒருவர் மற்றவர்களின் குடத்தைப் பிடுங்கி வைத்திருக்கிறார் என்றும் இருக்கலாம்!

டிவியில் பார்லிமென்ட் கூச்சலைப் பார்த்து, 'எல்லாத்தையும் ஒரே ஆள் கையில கொடுத்தா, சீக்கிரம் வேலை நடக்கும்' என்று பெரியவர்கள் சிலர் சொல்வர். 'எமர்ஜென்சியில ரயிலெல்லாம் கரெக்ட் டயத்துக்கு வந்துச்சு' என்பர். வந்திருக்கலாம். ஆனால், ரயில் தாமதமாக வந்திருந்தால், அதை எந்தப் பத்திரிகை எழுதியிருக்கும்? தாமதமே இல்லை என்பதும், தாமதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதும் வேறு வேறு குட்டீஸ்.

கூச்சல் எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. மைக்கைப் பிடுங்குவதும், பேப்பரைக் கிழித்துப் போடுவதும் பார்க்கச் சகிக்கவில்லை. வழக்கு, தாத்தா போட்டு, பேரன் காலத்தில் முடிவதும் கொடுமை தான். அதற்காக, அம்பயரே வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

பிற்பாடு என்ன ஆனது? இந்திராவே தேர்தலை அறிவித்தார். 1977 மார்ச்சில், அதே ரேபரேலியில், அதே ராஜ் நாராயணிடம் தோற்றார். பதவியை விட்டு இறங்கினார். அதையும் சொல்லத் தான் வேண்டும். புதிதாக வந்த பார்லிமென்ட், 1978ல், 44வது திருத்தம் கொண்டு வந்தது. எமர்ஜென்சி போட வேண்டுமானால், மந்திரிசபையின் முடிவு எழுத்து மூலமாக ஜனாதிபதிக்குப் போக வேண்டும். காலை 6:00 மணி தகவல் எல்லாம் இனி செல்லாது! ஒரு மாதத்துக்குள் இரண்டு சபைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். எமர்ஜென்சியே ஆனாலும், உயிர் வாழும் உரிமையை நிறுத்தி வைக்க முடியாது. கன்னா தனியாக நின்று சொன்னது, இரண்டு ஆண்டில், பார்லிமென்ட் போட்ட சட்டமானது.

கோர்ட் தன் தப்பைத் திருத்திக் கொள்ளத் தான் அதிக நாளானது. பகவதி, 2011ல், தான் அன்று எழுதியது தவறு என்று வெளிப்படையாக வருத்தப்பட்டார். 2017 ஆகஸ்ட் 24ல், அந்தரங்க உரிமை வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட், 1976 தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. அது தப்பு என்று விரிவாக எழுதிய நீதிபதி, டி.ஒய்.சந்திரசூட். ஆமாம்... 1976ல் அரசு பக்கம் எழுதிய அதே ஒய்.வி.சந்திரசூட்டின் மகன்! அப்பாவின் தீர்ப்பை மகன் மாற்றி எழுதினார். வீட்டில் அப்பாவை எதிர்த்துப் பேசினால், முதுகில் இரண்டு விழும். இங்கே, அது வேலையின் ஒரு பகுதி.

நான் படித்த காலத்து குடிமையியல் புத்தகத்தில் கன்னாவின் பெயர் இல்லை. இப்போது உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால், மூன்று கட்டம் போட்ட பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். டீச்சர் கேட்டால், நான் தான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

டில்லியில், சுப்ரீம் கோர்ட்டின் இரண்டாம் எண் அறையில், அவர் படம் மாட்டியிருக்கிறது. அவர் நீதிபதியாக உட்கார்ந்திருந்த அறை அது. 2019 ஜனவரியில், சுப்ரீம் கோர்ட் நீதிபதியாகப் பதவியேற்ற ஒருவர், முதல் நாள் அந்தப் படத்துக்கு முன் அதே அறையில் அமர்ந்து வழக்குகளைக் கேட்டார். பெயர், சஞ்சீவ் கன்னா. எச்.ஆர்.கன்னாவின் சகோதரர் மகன். 2024 நவம்பரில் தலைமை நீதிபதியும் ஆனார்.